ஆடுதலும் ஆட்டுவித்தலும்

கற்றவன் கற்பிக்கவும் வல்லவன் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். தான் வென்றவன் பிறரையும் வெல்விப்பானா? இவ்வினா எழும்போதெல்லாம் அமெரிக்கக் காற்பந்து வீரர் பார்ட் ஸ்டாரை நான் நினைப்பதுண்டு.

1956-இல் 200-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றுக் கிரீன் பே குழுவிற் சேர்ந்த அவர், ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’காக உயர்ந்து, 5 முறை வாகை சூடினார். 1967 டிசம்பர் 31 அன்று, கடுங்குளிரில் தரை உறைந்து கிடக்க, இறுதி நொடிகளில் தாமே பந்தை ஏந்திக் கோட்டைக் கடந்து வெற்றி தேடித் தந்தார்.

1975-இல் அக்குழுவுக்கே பயிற்சியாளரானார். 1977-இல் அவருக்குக் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே அவர்தம் குழு 14 ஆட்டங்களுள் 10-இல் தோற்றது! 9 ஆண்டுகளில் வெற்றியினும் தோல்வியே மிகுதி. 1983-இன் முடிவில் பதவியும் போயிற்று.

களத்தில் நின்றபோது தம் கையை நம்பினார். கரையில் நின்றபோதோ பிறர் கைகளை நம்பவேண்டியிருந்தது. பெற்ற புகழோடு ஒதுங்கியிருந்தால் அவரை யார் குறை கூறியிருப்பர்? அப்புகழுக்கு ஊறு நேரக்கூடுமாயினும் அரிய பணியை ஏற்றாரே, அத்துணிவை அவர்தம் வாகைகளினும் மேலாக நான் மதிக்கின்றேன்.