வேண்டா அஞ்சல்

கடிதம் வரைவோனுக்கு முற்காலத்தே தாளும் மையும் தபால் தலையும் வேண்டியிருந்தன. ஆதலின் ஒருவன் ஆயிரவர்க்குக் கடிதம் விடுக்க எண்ணுவானாயின், தன் பணப்பையை ஒருமுறை தடவிப் பார்த்த பின்னரே அவ்வெண்ணத்தைத் தொடர்வான். மின்னஞ்சல் அத்தடையை நீக்கிற்று. பத்துப் பேர்க்கு அனுப்புதலும் பத்திலக்கம் பேர்க்கு அனுப்புதலும் இன்று செலவில் ஏறத்தாழ ஒன்றே. பத்திலக்கவருள் ஒருவர் இருவர் ஏமாந்து பொருள் தருவாராயினும் அனுப்பினோனுக்கு ஊதியமே. எஞ்சியோர் அனைவரும் அதனைத் திறந்தும் படித்தும் அழித்தும் தம் பொழுதை வீணே இழக்கின்றனர். யாம் கூறப் புகுந்த வேண்டா அஞ்சலின் பிறப்பிடம் இதுவே.

ஆங்கிலத்தில் இதனை ஸ்பேம் என்பர். அஃது 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த டப்பி இறைச்சி ஒன்றன் பெயர். 1970-இல் மாண்டி பைத்தான் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர் தொலைக்காட்சியில் ஓர் உணவுச்சாலையைக் காட்டினர். அங்கே பெரும்பாலான உணவுகளில் அவ்விறைச்சி கலந்தே இருக்கும். அப்பெயரே மீண்டும் மீண்டும் பாடப்பெற்றுப் பிறர் பேச்சையெல்லாம் அமுக்கிவிடும். பெயர்ப் பொருத்தத்தை இனி விளக்க வேண்டுவதின்று. இவ்வகை மடல்களுள் முதலாவது எனப்படுவது, 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், டிஜிட்டல் எக்யுப்மெண்ட் என்னும் கணினிக் கம்பெனியின் விற்பனையாளராகிய கேரி தூர்க் என்பார், அர்ப்பாநெட் என்னும் அந்நாளைய வலையமைப்பில் ஏறக்குறைய 400 பேர்க்கு விடுத்த விளம்பரமாகும். பெற்றவருட் பலர் சினந்தனர். ஆயினும் அவ்வஞ்சலால் கணினிகள் விலைபோயின என்று அவரே பின்னாளிற் கூறினார். துன்பம் அங்கே தொடங்கிற்று.

எம் அஞ்சற்பெட்டியைத் திறப்பின், யாம் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கும். யாம் கேளாத கடன் எமக்கு வழங்கப்பட்டிருக்கும். பெயரறியாத் தேயத்திலே செல்வர் ஒருவர் மக்கட்பேறின்றி மாண்டு, அவர்தம் பொருட்குவை எம் வங்கிக் கணக்கெண்ணை எதிர்நோக்கிக் கிடக்கும். உதிர்ந்த தலைமயிரை மீண்டும் வளர்க்கும் தைலத்தைப் பத்தொன்பது அகவையுடைய எமக்கு எவர் பரிந்துரைத்தனர் என்பது இன்றளவும் விளங்கவில்லை.

இவற்றை விலக்குதற்கு முதலிற் கண்ட வழி எளியது. தகாத சொற்களுக்கு ஒரு பட்டியல் வகுத்து, அச்சொல் வருமிடத்து அம்மடலைத் தள்ளுதல். எளிய வழி என்றோம்; நல்வழி என்றோமல்லோம். இத்தகைய பட்டியல் ஒன்றினாற் பட்ட பாடு பலரும் அறிந்ததே. 1996-இல் இங்கிலாந்தில் ஸ்கந்தார்ப் என்னும் ஊரினர் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்திற் கணக்குத் தொடங்க முடியாது தவித்தனர். அவ்வூர்ப் பெயரின் எழுத்துக்களினிடையே ஓர் இழிசொல் ஒளிந்திருந்ததே காரணம். 2003-இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்து வடிகட்டி, பாலியற் குற்றங்கள் பற்றிய மசோதாவைக் குறித்து உறுப்பினர்க்கு வந்த அஞ்சல்களையே தடுத்து நிறுத்திற்று. சொல்லைக் கண்டு பொருளைக் காணாமையின் விளைவு இது.

அடுத்து வந்த முறை எண்ணிப் பார்த்துத் தீர்ப்பளிப்பது. இதற்கு அடிப்படையாகிய கணிதத்தைக் கண்டவர் தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலச் சபைக்குரு. அவ்வாராய்ச்சி அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1761-இல் அவர் மறைந்தபின், ரிச்சர்டு பிரைஸ் என்னும் மற்றொரு குரு அவர்தம் தாள்களிடையே அதனைக் கண்டெடுத்து, 1763-இல் இராயல் சொசைட்டிக்கு விடுத்தார். தேவாலயத்தில் அருளுரை ஆற்றியவரின் கணக்கு இந்நாளிற் சூதுமடல்களைப் பிடிக்குமென அவர் கனவிலும் கருதியிரார்.

அக்கணக்கின் போக்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எம்மிடம் நல்ல மடல்கள் 100, குப்பை மடல்கள் 100 உள்ளன எனக் கொள்க. 'இலவசம்' என்னும் சொல் குப்பையுள் 40 மடல்களிலும் நல்லவற்றுள் 2 மடல்களிலும் வருகின்றது. அச்சொல்லையுடைய 42 மடல்களுள் 40 குப்பையாதலின், அச்சொல்லோடு புதிதாய் வரும் மடல் குப்பையாதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 95 வாய்ப்பு உண்டு. இவ்வாறே மடலிலுள்ள சொற்கள் பலவற்றையும் மதிப்பிட்டு, அம்மதிப்புகளை ஒன்றுசேர்த்துத் தீர்ப்புக் கூறுதல் வேண்டும். 'ஆசிரியர்', 'விடுதி' போன்ற சொற்கள் உடன்வருமாயின் தட்டு மறுபுறம் சாயும். ஒரு சொல்லால் எவரும் குற்றவாளியாகார் என்பதே இம்முறையின் சிறப்பு. 2002-இல் பால் கிரகாம் என்பார் எழுதிய கட்டுரையொன்று இதனை உலகெங்கும் பரப்பிற்று. எம் கணினியிலுள்ள தண்டர்பேர்டு என்னும் செயலியும் இவ்வழியதே. 'இது குப்பை' என்று யாம் காட்டக் காட்ட அது கற்றுக்கொள்ளும்.

இனி, தமிழ் பயில்வோராகிய எமக்கே தோன்றிய ஓர் இடர் உண்டு. எளிய வடிகட்டி, இடைவெளி கண்டு சொல்லைப் பிரிப்பது. ஆங்கிலத்துக்கு அது பெரிதும் போதும். நம் மொழியிலோ 'இலவசமாகக் கொடுக்கின்றோம்', 'இலவசமாகத் தருகின்றோம்', 'இலவசமாகப் பெறுக' என வருமிடத்து, அதன் கண்ணுக்கு இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள்! ஒரு சொல்லின்மேல் ஏறவேண்டிய குற்றம் மூன்றாய்ப் பிரிந்து மெலிகின்றது. வல்லெழுத்து மிகுமிடத்து வழுவாது எழுதும் வஞ்சகன், அவ்விலக்கணப் பயிற்சியாலேயே ஓரளவு தப்பிவிடுவான். (அத்தகைய வஞ்சகனை யாம் இன்னும் கண்டிலேம் என்பது வேறு.) பகுபத உறுப்பிலக்கணத்தை யாம் தேர்வின்பொருட்டு உருப்போட்டோம், பகுதியையும் விகுதியையும் சந்தியையும் பிரித்துணரும் அறிவு பொறிக்கும் வேண்டுமென்பதை அன்றுதான் அறிந்தோம். பெருங்கம்பெனிகளின் வடிகட்டிகள் இதனினும் விரிந்த கற்றல்முறைகளைக் கையாளுகின்றன. எனினும் தமிழ் மாணவரும் கணினி மாணவரும் ஒரு மேசையில் அமர்தற்கு இதனினும் நல்ல காரணம் ஒன்றை யாம் அறியோம்.

குப்பை உள்ளே புகுதல் தொல்லை, அவ்வளவே. நல்லது வெளியே தள்ளப்படுதலே கேடு. எம் விடுதித் தோழர் ஒருவர், கடற்கரைச் சிற்றூரினர், வலைத்தொழில் புரிவாரின் மைந்தர், மேற்படிப்புக்கு உதவித்தொகை வேண்டிச் சென்ற ஆண்டு ஓர் அறநிலையத்துக்கு விண்ணப்பித்தார். நாள்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. ஆறு வாரங் கழித்துத் தொலைபேசியில் வினவினார். நேர்காணலுக்கு அழைத்து முன்னரே எழுதியுள்ளோம், அந்நாளும் கடந்துவிட்டது என்று விடை வந்தது. தேடியபொழுது அம்மடல் ஸ்பேம் என்னும் குழியுள், ஒரு பரிசுச்சீட்டுக்கும் ஒரு தைலத்துக்கும் இடையே கிடந்தது. அதிலிருந்த சொற்கள் யாவை? 'வாழ்த்துக்கள்', 'தொகை', 'உடனே', 'கீழுள்ள இணைப்பை அழுத்துக'. ஏமாற்றுவோர் அனைவரும் எடுத்தாண்டு கெடுத்துவிட்ட சொற்கள் அவை. மெய்யாகவே உதவ வந்தோர்க்கும் வேறு சொற்கள் இல்லை. அத்தோழர் இப்பொழுது ஒரு கைப்பேசிக் கடையிற் கணக்கெழுதுகின்றார்.

இவ்விடரைக் கிரகாமும் நன்கு உணர்ந்திருந்தார். ஆதலின் தம் கணக்கில் நல்ல மடல்களிற் காணுஞ் சொல்லை இருமடங்காக எண்ணினார். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 2 என்பது 4 ஆகும். 95 என்பது 91 ஆகக் குறையும். சிறிது குப்பை உட்புகினும் புகுக, ஒரு நல்ல மடலும் சாகலாகாது என்னும் இரக்கம் அக்கணக்கினுள் இருக்கின்றது. எமக்கு அதுவே உடன்பாடு.

அனுப்புவோர்க்கும் கடமை உண்டு. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5000-க்கு மேற்பட்ட மடல்களைத் தம் பயனர்க்கு விடுப்போர், அம்மடல் தம்முடையதே என்று மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்னும் முத்திரைகளை உடையராதல் வேண்டுமென ஜிமெயில் விதித்தது. குப்பையென்னும் முறையீடும் 1000-க்கு 3-ஐ எட்டலாகாது. சிறு நிறுவனங்களும் இம்முத்திரைகளைப் பொறித்துக்கொள்ளுதல் நன்று. முத்திரையிலா மடலை ஐயுறுதல் வடிகட்டிக்கு இயல்பு.

ஜிமெயில் தன் குழியிலுள்ளவற்றை 30 நாட்களில் தானே அழித்துவிடும். எனவே எம் விடுதியில் யாம் நால்வர், வெள்ளிதோறும் இரவுப் படிப்பு முடிந்தபின், அவரவர் குழியை அவரவர் கண்ணாற் பார்க்கின்றோம். இணைப்புகளைத் தொடுவதில்லை, அனுப்புநர் பெயரையும் தலைப்பையும் மட்டுமே நோக்குவோம். கால்மணி நேரமும் ஆகாது. சென்ற வெள்ளியன்று எம்முடையதில் 43 மடல்கள் இருந்தன. 42 அழிந்தன. எஞ்சிய ஒன்று பழம்புத்தகக் கடைக்காரர் ஒருவர் எழுதியது: யாம் மூன்று திங்களாய்த் தேடிய நிகண்டு வந்துள்ளது, விலை 150 ரூபாய், ஒரே படிதான், விரைந்து வருக. அந்த 'விரைந்து' என்னும் சொல்லே அவரைக் குழியில் தள்ளிற்றுப் போலும். 'குப்பையன்று' என்னும் பொத்தானை அழுத்தினோம்; மறுநாட் காலையிற் கடை திறக்குமுன் வாயிலில் நின்றோம்.