எங்கள் புத்தர் என்றேன்

மதங்கள் ஒன்றுக்கொன்று உறவு என்பதற்கு யோசபாத்தின் கதையைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அந்தக் கதையைத்தான் பல வருஷங்களாக மற்றவர்களைக் குத்துவதற்கு எடுத்துக்கொண்டேன். ஒரு கல்லூரியில் இலக்கியம் நடத்தி, மேடைகளில் மத நல்லிணக்கம் பேசி, நல்ல பெயரும் வாங்கியவன் நான். அதனால்தான் இதை எழுதியே தீரவேண்டும் என்று தோன்றுகிறது.

கதை இதுதான். இந்தியாவில் அபெனேர் என்று ஒரு ராஜா. கிறிஸ்தவர்களை வதைத்தவன். நெடுநாள் தவமிருந்து பெற்ற பிள்ளை யோசபாத் ஒருநாள் அந்த வேதத்திலேயே சேர்ந்துவிடுவான் என்று ஜோசியர் சொல்லிவிட, நோயும் மூப்பும் சாவும் கண்ணில் படாதபடி அரண்மனைக்குள் வைத்தே வளர்க்கிறான். வெளியே வந்த பிள்ளை நோயாளியைப் பார்க்கிறான், தள்ளாத கிழவனைப் பார்க்கிறான். அதோடு நிம்மதி போயிற்று. ரத்தின வியாபாரி வேஷத்தில் வரும் பர்லாம் என்ற துறவியிடம் ஞானஸ்நானம் பெற்று, கடைசியில் நாட்டைத் துறந்து அவரைத் தேடிப் போகிறான். 16ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் தொகுத்த புனிதர் பட்டியலில் நவம்பர் 27 இவர்கள் இருவருடைய திருநாள்.

கபிலவஸ்துவின் சித்தார்த்தனை இதில் அடையாளம் தெரியாதவர் இருக்க முடியாது. ஐரோப்பாவில் 1859, 1860இல் லபூலே, லீப்ரெக்ட் என்ற இருவர் இதைத் துலக்கமாக எழுதினார்கள். ஆனால் கதை அங்கே போய்ச் சேர்ந்த வழி இன்னும் பெரியது. பௌத்தர்களிடமிருந்து மத்திய ஆசியாவின் மானி மதத்தாரிடம் போயிற்று; துர்பானில் கிடைத்த ஏட்டுத் துணுக்குகளில் அந்தத் தடம் இருக்கிறது. பிறகு அரபியில் நூலாயிற்று. 10ஆம் நூற்றாண்டில் இப்னு பாபவைஹி என்ற ஷியா அறிஞர் தன் நூலில் இதற்கு இடம் கொடுத்தார். ஜார்ஜியாக்காரர்கள் அரபியிலிருந்து எடுத்துக் கிறிஸ்தவக் கதையாக்கினார்கள். ஆதோஸ் மலை மடத்தில் இருந்த யூதிமியுஸ் என்ற ஜார்ஜியத் துறவி கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார். 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஆபிரகாம் இப்னு ஹஸ்தாய் எபிரேயத்தில் எழுதி யூதர்களுக்குக் கொடுத்தார்.

கதைக்குள் பர்லாம் ஒரு உவமை சொல்வார். மிருகம் துரத்த ஓடுகிறவன் பள்ளத்தில் விழப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்கிறான். கீழே வாய் பிளந்த பாம்பு. அவன் பிடித்திருக்கும் மரத்தின் வேரை வெள்ளை எலியும் கறுப்பு எலியும் அரிக்கின்றன. மேலிருந்து சொட்டும் தேனை அவன் நக்கிக்கொண்டிருக்கிறான். இதையே மகாபாரதத்து ஸ்திரீ பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்கிறார். தோலாமொழித்தேவர் சூளாமணியில் நாலே அடியில் வைத்திருக்கிறார். இத்தாலியில் பார்மா நகரத்து ஞானஸ்நான மண்டபத்தின் தெற்கு வாசலுக்கு மேல் அன்தெலாமி கல்லில் செதுக்கியிருக்கிறார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் துறையில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். எல்லோருக்கும் அக்கா. ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும்போது, சின்ன வயசில் பாட்டி சொன்ன புனிதர் கதை என்று இதை ஆரம்பித்தார். பாட்டியின் குரலிலேயே சொன்னார். ராஜகுமாரன் கிழவனைப் பார்க்கிற இடம் வரைக்கும் விட்டேன்.

"அக்கா, அது உங்க கதையே இல்ல. எங்க புத்தர் கதை. எங்ககிட்ட இருந்து எடுத்துட்டுப் போய் சிலுவை மாட்டிட்டாங்க" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "அப்படியா தம்பி, எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். அவர் ஓய்வு பெறும் வரை அந்த மேஜையில் பாட்டி கதை எதுவும் சொல்லவில்லை.

வாய் தவறி வந்த பேச்சு என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். அடித்த அடி சரியாக விழுந்ததில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. 'எங்க புத்தர்' என்றேனே, அதுவும் பொய். நான் பிறந்தது சைவக் குடும்பம். சம்பந்தர் தேவாரம் ஓதி வளர்ந்தவன். பதிகம்தோறும் பத்தாவது பாட்டில் சமணரையும் சாக்கியரையும் அவர் சாடுவது எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் புத்தருக்கு ஒரு விளக்குக்கூட ஏற்றியதில்லை. கிறிஸ்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்த நேரத்தில் மட்டும் புத்தர் எனக்குச் சொந்தமானார். பொது நிலத்துக்குத் திருட்டுப் பட்டா எழுதிக்கொள்கிறவன் செய்கிற வேலை அது.

என் சொந்த வாசலில் வந்து நின்றபோது இதே விஷயம் எனக்குக் கசந்தது. ஒரு மாணவன் வகுப்பு முடிந்து வந்து கேட்டான். சிரியாவின் வடக்கே ஆண்ட மித்தன்னி ராஜாவும் ஹிட்டைட் ராஜாவும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன் எல்லோரையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள் என்று படித்திருந்தான். "ஈரானியர் வேதத்துலயும் மித்ரா இருக்காரு. நம்ம சோமத்தைத்தான் அவங்க ஹோமான்னு சொல்றாங்க. அப்ப நம்ம சாமியும் அவங்க சாமியும் ஒரு வீட்டுப் பிள்ளைங்கதானா சார்?"

எவ்வளவு நல்ல கேள்வி! "முதல்ல பாடத்தைப் படி" என்று அனுப்பிவிட்டேன். நம்மிடமிருந்து வெளியே போனதென்றால் எனக்கு இனித்தது. ஒரே ஊற்றிலிருந்து எல்லோருக்கும் வந்தது என்றால் தாங்கவில்லை. பையன் அப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரேக்க யோசபாத் கதையில் ஒரு நீண்ட பிரசங்கம் உண்டு. அது வெறும் கற்பனை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1889இல் சீனாய் மலை மடத்தில் ரெண்டெல் ஹாரிஸ் சிரியாக் மொழியில் ஓர் ஏடு கண்டெடுத்தார். 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டைடிஸ் கிறிஸ்தவர்களுக்காக வாதாடி எழுதியது அது. அதன் கிரேக்கம் தொலைந்துபோயிற்று என்று இருந்தார்கள். ஆர்மிட்டேஜ் ராபின்சன் அந்தச் சிரியாக் ஏட்டின் மொழிபெயர்ப்பைப் படித்த பிறகு, தொலைந்த கிரேக்கம் யோசபாத் கதையின் பிரசங்கத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. கிறிஸ்தவர்களின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்றைப் புத்தரின் கதை ஆயிரம் வருஷத்துக்குக் கிட்டத் தன் மடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. தெரிந்தே விட்டேன். சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டு போனவர்கள், பறிகொடுத்தவர்கள் என்ற என் கணக்கு அங்கேயே உடைந்திருக்கும்.

அந்தப் புத்தி முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். போன மாதம் கில்காமேஷ் காவியத்தில் வரும் வெள்ளத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பைபிளில் வருவதுபோலவே பேழையிலிருந்து பறவை விடுகிற இடம் வந்ததும், இதை எந்தக் கிறிஸ்தவ நண்பரிடம் சொல்லி மடக்கலாம் என்றுதான் மனசு முதலில் ஓடியது. மீனாக வந்த பெருமாள் மனுவின் படகை வெள்ளத்தில் இழுத்துக்கொண்டு போன கதை வெகுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.