காரணமும் பழியும்

நோய் புகுந்த வீட்டில் மருந்துக்கு முன்பே காரணம் தேடப்படுகிறது. எங்கள் தமக்கையாரின் கணவருக்கு நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் எனத் தெரிந்ததும், முன்வினை என்றனர் சிலர். பரம்பரை என்றனர் பலர். மணப்பருவத்து மகளுக்கும் வந்துவிடுமோ எனத் தமக்கையார் அஞ்சினார். மருத்துவ நூல்களை நாங்கள் புரட்டத் தொடங்கியது அந்த அச்சத்தினால்தான்.

1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளரின் அணுக்களில் வழக்கத்தினும் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை இடம்மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அவ்வாறு ஒட்டிப் பிறக்கும் மரபணு, வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது.

இம்மாற்றம் பிறந்தபின் எலும்பு மஜ்ஜையில் நேர்வது; பெற்றோர் தருவதுமில்லை, பிள்ளைகள் பெறுவதுமில்லை. வயது ஏறுந்தோறும் வாய்ப்புக் கூடுகிறது. ஆண்களிடம் சற்றே மிகுதி. ஐயமற நிறுவப்பட்ட புறக்காரணம் மிகுந்த கதிர்வீச்சு ஒன்றே. 1945இல் ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுக்குத் தப்பியோரிடம் அது வெளிப்பட்டது. மற்றப் பெரும்பாலோரிடம் இன்னதுதான் என்று சுட்ட ஏதுமில்லை.

பிழை எங்கே என்று கண்டதனாலேயே, அதனை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில ஆண்டுகளில் உயிர்பறித்த நோயோடு இன்று பலர் நெடுநாள் வாழ்கின்றனர். காரணம் தேடுவோம், பழி தேட வேண்டா.