குழந்தையின் ஒரு நாள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இராசிபுரத்தை நெருங்கும்போதே கிழக்கே கொல்லிமலை நீலச் சுவர்போல உடன்வரத் தொடங்கிவிடும். சாலையின் இருமருங்கும் மரவள்ளிக் காடுகளும் சோளக் கொல்லைகளும் கோழிப் பண்ணைகளும் மாறி மாறித் தோன்றும். 1996-ஆம் ஆண்டு முடிய இவ்வெளி முழுவதும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. 1997 சனவரி முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எல்லை பிரிந்ததேயன்றி வாழ்க்கை முறை பிரியவில்லை. இங்கே வீடுகள் எல்லாம் ஊருக்குள் நெருங்கி நிற்பதில்லை. உழவர் பலர் தத்தம் தோட்டத்திலேயே வீடு கட்டி வாழ்வர். அங்கிருந்து சாலைக்கு வர இட்டேரி ஒன்றே வழி. இருபுறமும் வேலி உயர்ந்த அந்த மண்தடத்தில் கோடையில் புழுதி கணுக்காலை மறைக்கும். ஐப்பசியிலோ சேறு காலை விடாது.

இத்தகைய தோட்டத்து வீடொன்றில் வளரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்க. அவளுக்குப் பெயர் வேண்டா. இந்நிலப்பகுதியில் அவளையொத்த குழந்தைகள் பல வீடுகளில் உளர். பிறப்பிலேயே மூளை முடக்குவாதம் அவளைப் பற்றிக்கொண்டது. கால்கள் விறைத்து ஒன்றையொன்று பின்னும். வலக்கை அவள் எண்ணியதைச் செய்யாது. இடக்கை பாதி செய்யும். சொற்கள் மெல்ல வரும். காத்திருந்து கேட்பவர்க்கு முழுமையாக விளங்கும். தந்தை சரக்குந்து ஓட்டுநர். வடநாடு சென்றால் திரும்பப் பதினைந்து நாளாகும். தாய் அருகிலுள்ள கோழிப் பண்ணையில் முட்டை சேகரிக்கும் வேலைக்குச் செல்கிறாள். குழந்தையை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, தூக்கித் திரிபவள் அம்மாயிதான். அம்மாயிக்கு வயது அறுபத்து மூன்று.

வட்டாரத்தில் நடந்த மருத்துவ முகாமிற்கு இச்சிறுமியையும் தூக்கிச் சென்றனர். மருத்துவர்கள் கைகால்களை அசைத்துப் பார்த்து, தசையின் விறைப்பை அளந்து, குறைபாடு இத்தனை விழுக்காடு என்று சான்றிதழில் எழுதினர். அவ்வெண் வெறும் எண்ணன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் உடையோர்க்குச் சில தனி உரிமைகள் உண்டு. ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகமைப் பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்பது அவற்றுள் ஒன்று. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே எண்ணியது. புதிய சட்டம் இருபத்தொன்றை எண்ணுகிறது. ஆதலின் விழுக்காட்டை இகழ்வது பேதைமை. அது இன்றேல் பல கதவுகள் திறவா.

ஆயினும், அச்சிறுமி காலையில் எவ்வாறு எழுகிறாள், பல் துலக்க யார் துணை, இட்டேரியை எப்படிக் கடக்கிறாள், பள்ளியில் யாரோடு விளையாடுகிறாள் என்பவற்றுள் ஒன்றையேனும் அவ்வெண் கூறுமோ? ஒரே விழுக்காடு பெற்ற குழந்தைகள் இருவருள் ஒருத்தி பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கிறாள். மற்றவள் சேற்றுத் தடத்தின் மறுமுனையில் இருக்கிறாள். கால்களின் விறைப்பு இருவர்க்கும் ஒன்றே, நாள் ஒன்றன்று.

இவ்வுண்மையை உலகம் ஏற்கச் சிறிது காலம் சென்றது. உலக சுகாதார நிறுவனம் 1980-இல் வெளியிட்ட பகுப்புமுறை, நோயிலிருந்து குறைபாடும், குறைபாட்டிலிருந்து இயலாமையும், அதிலிருந்து வாழ்க்கைப் பின்னடைவும் படிப்படியாய் விளைவனபோலக் காட்டியது. 2001-இல் அந்நிறுவனமே அதனை மாற்றி அமைத்தது. உடலின் நிலை ஒருபுறம். வீடு, தெரு, கருவி, உறவு, பிறர் மனப்பான்மை ஆகிய சூழல் மறுபுறம். இவ்விரண்டும் கூடியே ஒருவரின் செயற்பாடு அமைகிறது என்பது புதிய கொள்கை. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையும், 2007-இல் அதனை ஏற்றுக்கொண்ட இந்தியா பின்னர் இயற்றிய 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியே சென்றன. நெடுநாள் குறைபாடு தடைகளோடு மோதும்போதே பங்கேற்பு கெடுகிறது என்பது அச்சட்டத்தின் கருத்து. அங்ஙனமாயின் தடைகளையும் அளக்க வேண்டுமன்றோ?

அளப்பதற்குக் கருவிகள் பல உள. அமெரிக்க நாட்டு வைன்லாந்து என்னும் ஊரில் எட்கர் டால் என்பார் 1935-இல் ஒரு பட்டியல் அமைத்தார். அறிவுத்தேர்வு வைக்காமல், குழந்தை அன்றாடம் என்னென்ன செய்கிறது என்று பெற்றோரைக் கேட்டு அளக்கும் முறை அது. முள்கரண்டியால் உண்ணுதல், பனிச்சறுக்கு வண்டி ஓட்டுதல் போன்றனவும் அதில் இருந்தன. நாமக்கல்லில் பனி ஏது? நாகபுரியைச் சார்ந்த மாலின் என்பார் அதனை இந்தியக் குழந்தைகட்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். நம் சென்னையிலேயே ஜெயச்சந்திரன், விமலா என்னும் இருவர் மனவளர்ச்சி குன்றியோர்க்கென உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்ட முறை இன்னும் நெருக்கமானது. உண்ணல், உடுத்தல், கழிப்பறைப் பழக்கம், பேச்சு, எண், காலம், பணம், வீட்டு வேலை, ஊரறிவு எனப் பதினெட்டுத் துறைகள். துறைக்கு இருபதாக முந்நூற்று அறுபது செயல்கள். அவற்றுள் எதுவும் ‘செய்யாது’ என்று எழுதப்படவில்லை. யாவும் ‘செய்யும்’ என்றே உள்ளன. செய்வதை நீலத்தாலும் செய்யாததைச் சிவப்பாலும் குறிப்பர். குழந்தை ஒன்றைக் கற்றதும் சிவப்பு நீலமாகும். 2016-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் வாஷிங்டன் குழுவும் வெளியிட்ட வினாத்தொகுப்பு ஒன்றும் உண்டு. ஐந்து முதல் பதினேழு வயதினர்க்கு அதில் இருபத்து நான்கு வினாக்கள். ‘இடர்ப்பாடு இல்லை, சிறிது உண்டு, மிகுதியும் உண்டு, அறவே இயலாது’ என்னும் நான்கனுள் ஒன்றைத் தாய் தெரிந்து கூறுவாள். அது நாட்டில் குழந்தைகளின் நிலையைக் கணக்கெடுப்பதற்குத் தக்கது. ஒரு குழந்தைக்கு நாளை என்ன செய்வது என்று தீர்மானிக்க அதுமட்டும் போதாது.

போதாது என்பதை அத்தோட்டத்து வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியை நன்கறிவார். வட்டார வள மையத்திலிருந்து வரும் அவர், முற்பகலில் வராமல் உணவு வேளை பார்த்தே வந்தார். வினாத்தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார்.

பெரியோர் கூறும் விடைகளைப் பற்றி அவர்க்கு ஓர் ஐயம் உண்டு. முகாமிற்குப் புறப்படும்போது அண்டை வீட்டார், “ஒன்றும் செய்யமாட்டாள் என்றே சொல்லுங்கள், அப்பொழுதுதான் உதவி கிடைக்கும்” என்று சொல்லி அனுப்புவர். அவ்வாறே சொல்லப்படும். விருந்தினர் வந்து கேட்டாலோ, “எங்கள் கண்ணு எல்லாம் தானே செய்துகொள்ளும்” என்று அம்மாயி பெருமையுடன் கூறுவாள். இரண்டும் மெய்யல்ல, இரண்டும் வஞ்சனையாலும் கூறப்பட்டனவல்ல. முன்னது வறுமை கூறியது. பின்னது பாசம் கூறியது. உதவி பெறத் தம் பிள்ளையின் குறையையே பெரிதாக்கிக் காட்ட வேண்டிய நிலையில் பெற்றோரை வைப்பது முறையோ என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் பெற்றோர் அல்லர்.

“தானாக உண்பாளா?” என்று ஆசிரியை கேட்டார்.

“இல்லையம்மா. நான்தான் ஊட்டுவேன். விட்டால் சிந்திவிடுவாள்.”

“இன்று சிறிது சிந்தட்டும், அம்மா. நீங்கள் என் பக்கத்தில் உட்காருங்கள்.”

சிறுமியைச் சுவரோரம் நிமிர்ந்து அமரச் செய்து, இருபக்கமும் தலையணை அணைத்தார். சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும் வைத்தார். இடக்கை தட்டைத் தொட்டதும் தட்டு நழுவி ஓடிற்று. அம்மாயி எழுந்தாள், ஆசிரியை அவள் கையைப் பற்றி அமர்த்தினார். ஈரத்துணி ஒன்றை மடித்துத் தட்டின் அடியில் விரித்ததும் தட்டு அசையாமல் நின்றது. கரண்டிக் காம்பில் பழந்துணியைச் சுற்றிப் பருமனாக்கியதும் விரல்கள் அதனைப் பற்றின. முதற் கவளம் மடியில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில் ஒட்டியது. மூன்றாவது வாய்க்குள் சென்றது. விழுங்கும்போது இருமல் வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று ஆசிரியை கூர்ந்து நோக்கினார். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகள் சிலர்க்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கும் அச்சம் உண்டு. இருமல் வரவில்லை. பதினொரு கவளம் உண்ண இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அம்மாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

பின்னரே ஆசிரியை தாளை எடுத்தார். ‘தானே உண்ணாள்’ என்று எழுதவில்லை. ‘தானே உண்பாள்’ என்றும் எழுதவில்லை. ‘நிமிர்ந்த இருக்கை, தட்டின் அடியில் ஈரத்துணி, பருத்த காம்புள்ள கரண்டி, அரைமணி நேரம், ஊட்டுதற்கன்றி உடனிருத்தற்கு ஒருவர்’ என்று எழுதினார். ஒருவர் தக்க இடத்தில் செய்ய வல்லது ஒன்று. தம் வீட்டில் அன்றாடம் செய்வது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும் என்று 2001-இன் பகுப்புமுறை வற்புறுத்துகிறது. இடையிலுள்ள தொலைவே துணை செய்ய வேண்டிய இடம். அத்தொலைவு சில வேளை ஒரு முழத் துணியால் கடக்கப்படும். சில வேளை ஆண்டுக்கணக்கில் கடக்கப்படாது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சென்றால் இதே கேள்வி வேறு வடிவம் கொள்ளும். அங்கே விசைத்தறி ஓடும் வீடுகள் பல. மதியிறுக்கம் உள்ள சிறுவன் ஒருவன் தறி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மின்சாரம் நின்ற கணமே அமைதியாகிப் படப்புத்தகம் புரட்டுவான். அவனைத் தறியருகில் வைத்து அளந்தால் ஓர் அளவு. பாட்டன் வீட்டுத் திண்ணையில் வைத்து அளந்தால் வேறோர் அளவு. இவற்றுள் எது மெய் என்று கேட்பதினும், அவன் பொழுதில் பெரும்பகுதி எங்கே கழிகிறது என்று கேட்பதே பயனுடையது.

தோட்டத்து வீட்டுச் சிறுமியின் செய்தி அவ்வுணவோடு முடியவில்லை. மறுவாரம் ஆசிரியை அவள் படிக்கும் பள்ளிக்குச் சென்றார். வகுப்பாசிரியர் மகிழ்ச்சியுடன், “இவளால் யாதொரு தொல்லையும் இல்லை. வாசிக்கிறாள், கணக்கு வாயால் சொல்கிறாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை” என்றார்.

காலை எட்டரைக்கு வீட்டை விட்டுப் புறப்படும் குழந்தை மாலை நாலரை வரை ஒருமுறையேனும் கழிப்பறை வேண்டாதிருப்பது எங்ஙனம்? ஆசிரியை அவள் தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் பார்த்தார். நிரம்பியே இருந்தது.

“ஏன் கண்ணு குடிக்கவில்லை?”

சிறுமி நெடுநேரம் கழித்தே விடை கூறினாள்: “குடித்தால் போக வேண்டுமே.”

பள்ளியில் சாய்தளம் இருந்தது. கழிப்பறையும் இருந்தது. ஆனால் அதன் கதவு ஒடுங்கியது. சக்கர நாற்காலி நுழையாது. பிடித்து அமரக் கைப்பிடி இல்லை. தோழியரைத் தூக்கச் சொல்ல அவளுக்கு நாணம். ஆகவே காலையிலிருந்தே நீரை விலக்கும் வழியை அவளே கண்டுபிடித்திருந்தாள். அம்மாயியோ பள்ளித் தண்ணீர் குடிப்பதால் புட்டி நிரம்பி வருகிறது என்று எண்ணியிருந்தாள். பங்குனி வெயிலில் பகல் முழுதும் நீரின்றி இருந்தால் தலைவலியும் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். வினாத்தாளின் எந்த வரியிலும் ‘பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாளா?’ என்ற கேள்வி இல்லை. ஆசிரியை அதனைத் தாளின் ஓரத்தில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார்.

அன்று எழுதிய துணைப் பட்டியல் நீண்டதன்று. கழிப்பறைச் சுவரில் இருபுறமும் கைப்பிடி. கதவை அகற்றிப் புதிதாய் வைத்தல். நடுவே துளையிட்ட இருக்கை. முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் உடன்செல்லப் பெண் ஒருவர். தேர்வில் கூடுதல் நேரமும், அவள் சொல்ல எழுதுவோரும். பள்ளிக்கு வந்துசெல்ல அரசு வழங்கும் பயணப்படிக்கு விண்ணப்பம். கடும் குறைபாடுடைய குழந்தை வீட்டிலிருந்தே கற்கும் வழியைத் தேர்ந்துகொள்ள 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கல்வி உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வழியையும் ஆசிரியை தாய்க்கு எடுத்துரைத்தார். தாய் மகளைப் பார்த்தாள். “பள்ளிக்கே போகிறேன்” என்றாள் சிறுமி. இம்முறை அவள் விடைக்குக் காத்திருக்க நேரவில்லை.

பட்டியலின் இறுதியில் குழந்தையைப் பற்றியல்லாத வரி ஒன்றும் உண்டு: ‘அம்மாயிக்கு முழங்கால் வலி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை தூக்குகிறாள், குழந்தையின் எடை பத்தொன்பது கிலோ.’ துணை வேண்டும் குழந்தையை அளப்பவர் துணை செய்பவரின் வலிமையையும் அளக்க வேண்டும். பத்தாண்டு கழித்து அவ்வெடை இரட்டிக்கும். தூக்கும் கைகள் எழுபதைக் கடந்திருக்கும். தூக்காமலே கட்டிலினின்று நாற்காலிக்கு நகர்த்தும் முறையை இயன்முறை மருத்துவர் வந்து கற்பிக்க நாள் குறிக்கப்பட்டது.

மூன்று திங்கள் சென்றபின் ஆசிரியை மீண்டும் வந்தார். கைப்பிடி வைத்தாயிற்று, கதவு இன்னும் மாற்றப்படவில்லை. தண்ணீர்ப் புட்டி பாதி காலியாக வீடு திரும்புகிறது. உண்ணும் கட்டத்தில் சிவப்பை அடித்து நீலம் தீட்டினார். பொத்தான் இடும் கட்டம் சிவப்பாகவே நின்றது. அம்மாயி இரவுணவை மட்டும் இன்னும் தானே ஊட்டுவதாகச் சிறுமி கூறினாள். “பகலெல்லாம் அவளே உண்கிறாளே, இது ஒன்றை விடுங்களம்மா” என்றாள் அம்மாயி. ஆசிரியை அதனை எதிலும் குறிக்கவில்லை.

புறப்படும்போது வானம் இருண்டிருந்தது. சக்கர நாற்காலி ஐப்பசி மழையில் இட்டேரியில் புதையுமா, புதைந்தால் பள்ளிக்குச் செல்ல வேறு வழி யாது என்பதை நேரில் பார்த்தே எழுத வேண்டும் என்று, தாளில் ஒரு வரிக்கு இடம் விட்டுச் சென்றார்.