எண் இல்லாத வீடுகள்

பட்டணத்து அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகள் இப்பொழுது தோட்டத்து லயங்களை நோக்கி வரத் தொடங்கியிருக்கின்றன. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குரிய வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டதே இதற்குப் பெருங்காரணம். விண்டோஸ் 11ஐ ஏற்கத் தகுதியற்றவை என்று தள்ளப்பட்ட பெட்டிகள் சில நூறு வெள்ளிக்குக் கைமாறுகின்றன. பிள்ளையின் படிப்பை எண்ணித் தகப்பன் ஒன்றை வாங்கி வருகிறான். வாங்கிய மாதமே அது நடை தளர்கிறது. கடைக்குத் தூக்கிச் சென்றால், "நினைவகம் போதாது, கூட்டிப் போடுங்கள்" என்ற ஒரே மருந்துதான் கிடைக்கிறது. மருந்துக்கு மேலும் நூற்றிருபது வெள்ளி. அந்தப் பணத்திற்குரிய நினைவகம் பெட்டிக்குள் சென்று அமர்ந்த பின்னரும், அதைக் கணினி ஒரு துளிகூடத் தொடாமல் இருக்கக் கூடும் என்பதைச் சொல்வார் இல்லை.

எங்கள் ஆயர் ஈத்தாம் மட்பாண்டத்திற்குப் பெயர் போன ஊர். நெடுஞ்சாலை ஓரத்தில் பூச்சட்டி வாங்குகிறவன் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, ஒலியைக் கேட்டு, கீறல் உண்டா என்று பார்த்தே காசை எடுக்கிறான். ஐந்து வெள்ளிச் சட்டிக்கு இத்தனை சோதனை. நினைவகப் பலகையை எவ்வாறு தட்டிப் பார்ப்பது? விஷயம் தெரிந்தால் அதையும் தட்டிப் பார்க்கலாம் என்பதனால் சிறிது விரிவாக எழுதுகிறேன்.

ஒரு தோட்டத்தில் நூறு வீடுகள் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவின் மேல் எண் எழுத இரண்டு இலக்கத்திற்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே 00 முதல் 99 வரை நூறு எண்கள் கிடைக்கும். வீட்டுக்கு ஒன்றாகக் கணக்குச் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தபால்காரன் வீடுகளுக்கு மட்டுமா போகிறான்? ஆபீசுக்கு ஓர் எண் வேண்டும். மருந்தகத்திற்கு, பள்ளிக்கூடத்திற்கு, பிள்ளைக் காப்பகத்திற்கு, கோயிலுக்கு, முன்னொரு காலத்தில் என்றால் கள்ளுக்கடைக்கும் வேண்டும். இவை முந்திக்கொண்டு 81 முதல் 99 வரை எடுத்துக்கொண்டன. விளைவு யாது? பத்தொன்பது வீடுகள் எண்ணின்றி நிற்கும். கூரையும் உண்டு, சுவரும் உண்டு. கடிதம் மட்டும் போய்ச் சேராது.

கணினியின் நினைவகமும் இத்தகைய வீட்டு வரிசையே. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவெண் உண்டு. 32 பிட் இயங்குதளம் என்றால், அக்கதவெண்ணை எழுத 32 இடங்கள், ஒவ்வோரிடத்திலும் 0 அல்லது 1. முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால் 4,294,967,296 வரும். இதுவே 4 ஜிகாபைட். இந்த எண்களிலும் நினைவகம் முழு உரிமை பெறவில்லை. திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் சாதனம், வலைத்தொடர்புச் சாதனம், ஒலிச் சாதனம் முதலியன மேற்கோடியிலுள்ள எண்களைத் தமக்கென்று பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றிலும் திரைச் சாதனமே பெருந்தீனிக்காரன். ஆகையால் 4 ஜிகாபைட் பொருத்திய பெட்டியில் 3.25 அல்லது அதன் அருகில் ஓர் அளவுதான் பயன்படும். எஞ்சியது பழுதன்று, திருட்டுமன்று. எண் இல்லாத வீடு. 2008இல் வந்த விஸ்டாவின் முதல் திருத்தப் பதிப்பு, பயன்படும் அளவை விட்டுப் பொருத்தப்பட்ட அளவையே திரையில் காட்டத் தொடங்கியது. வீடு இருக்கிறது என்றது, கடிதம் போகாது என்பதைச் சொல்லவில்லை. அதற்குப் பின்வந்த விண்டோஸ் 7தான் இரண்டு எண்களையும் அருகருகே காட்டியது.

இந்தக் கதை இப்பொழுதுதான் முதன்முறை நடக்கிறது என்று எண்ண வேண்டாம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியில் கதவெண்ணுக்கு 20 இடங்களே இருந்தன. மொத்தம் 1,024 கிலோபைட். அதிலும் 384ஐத் திரைக்கும் நிலையான நிரல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, பயனாளருக்கு 640 கொடுத்தார்கள். 640 கிலோபைட் எவருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் கூறியதாக ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. அவர் அதை மறுத்திருக்கிறார். கூறிய இடத்தையும் நாளையும் காட்டியவர் எவருமில்லை. புராணம் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டு தேவையில்லை போலும்! 1985இல் இன்டெல் நிறுவனத்தின் 386 என்னும் செயலி 32 இடங்களைத் தந்தபோது, 4 ஜிகாபைட் என்பது கடலாகத் தோன்றியது. இருபது ஆண்டுகளில் அக்கடல் குட்டையாயிற்று.

இதுவரை கூறியது கணக்கு. கணக்கோடு எவரும் வழக்காட முடியாது. ஆனால் கணக்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொன்றும் உள்ளே நுழைந்திருக்கிறது. அதனோடு நாம் வழக்காடியே தீர வேண்டும்.

1995இல் வந்த பென்டியம் புரோ செயலியிலேயே கதவெண்ணுக்கு 36 இடங்கள் வந்துவிட்டன. அதாவது 64 ஜிகாபைட் வரை எட்டும் கை அன்றே உண்டு. மைக்ரோசாப்ட்டின் சர்வர் 2008 எண்டர்பிரைஸ் என்னும் பதிப்பு, 32 பிட்டாக இருந்தும் 64 ஜிகாபைட்டை ஆண்டது. 32 பிட் லினக்ஸும் இவ்வழியே 4ஐத் தாண்டிச் சென்றது. எக்ஸ்பியின் 2004ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு முதல் வீட்டுப் பதிப்புகளும் பாதுகாப்பின் பொருட்டு அந்த அகன்ற முறையிலேயே இயங்கத் தலைப்பட்டன. 2012இல் வந்த விண்டோஸ் 8 அம்முறையைக் கட்டாயமே ஆக்கியது. கதவு திறந்திருக்கிறது. எனினும் 4க்கு மேல் உள்ள வீடுகளுக்குப் போகாதே என்று கட்டளை. ஏன்? சாதனங்களை ஓட்டும் சிறு நிரல்கள், டிரைவர் எனப்படுபவை, பெரிய கதவெண்ணைக் கண்டு தடுமாறிக் கணினியையே கவிழ்த்துவிட்டன. ஆகவே வீட்டுப் பயனாளரின் நன்மை கருதி 4இல் நிறுத்தினோம் என்பது நிறுவனத்தாரின் விளக்கம். இதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. மட்டமான டிரைவர்கள் சந்தையில் மலிந்திருந்தது உண்மையே.

ஆயின், விண்டோஸ் 7க்கு என்ன விளக்கம்? 2009இல் வந்த அதன் 64 பிட் பதிப்புகளில் கதவெண் பஞ்சமே கிடையாது. அப்படியிருந்தும் ஹோம் பேசிக் என்றால் 8 ஜிகாபைட், ஹோம் பிரீமியம் என்றால் 16, புரொபெஷனல் முதலிய மேல்நிலைப் பதிப்புகளுக்கு 192. எல்லாவற்றிலும் கடைப்படியில் ஸ்டார்ட்டர், 32 பிட், உச்ச வரம்பு 2 ஜிகாபைட். உள்ளே இருக்கும் கருவோ ஒன்று! ஒரே கருவிலிருந்து தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பிரித்த பழைய வித்தையை நாம் அறியாதவர்களா? எட்டுக்கும் பதினாறுக்கும் இடையிலுள்ள சுவர் பொறியின் சுவர் அன்று, விலைச்சீட்டின் சுவர்.

அந்த ஸ்டார்ட்டர் பதிப்பு யார் கைக்குப் போயிற்று? விலை குறைந்த நெட்புக்குகளில் அமர்ந்து ஏழை மாணவர் கைக்குப் போயிற்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டிலும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் நெட்புக் வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற இயலாது. பள்ளிப் பிள்ளை தன் தம்பியின் படத்தைத் திரையில் வைக்க விரும்பினால், அதற்கும் அனுமதி இல்லை. 2 ஜிகாபைட் வரம்பைவிட இதுவே என் மனத்தை அதிகம் உறுத்துகிறது. தமிழ்நாட்டு அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் என்னும் இந்திய லினக்ஸையும் சேர்த்துத் தந்தது. ஒரே பெட்டியில் இரண்டு சட்டங்களைக் கண்ட பிள்ளை, வரம்பு பெட்டியில் இல்லை என்பதைத் தானே அறிந்துகொள்ள ஒரு வாய்ப்பேனும் இருந்தது.

ஆங்கிலம் படித்த கிராணி என்பதால், திரையில் தோன்றும் எழுத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் பெட்டிகளைக் கொண்டுவருவதுண்டு. சென்ற ஆண்டு இறுதியில் செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர் வந்தார். அவருடைய கணினியில் இருந்த 4ஐ 8 ஆக்கியிருந்தார்கள். பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் இருந்தது.

"கிராணி ஐயா, எட்டு போட்டும் மூன்றுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. இந்தப் பெட்டிக்கு ராசி அவ்வளவுதான் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்றார்.

"ராசி இல்லை, அண்ணே. இந்த வரியைப் பாருங்கள்" என்று காட்டினேன்.

கணினியின் விவரப் பக்கத்தில் அந்த வரி இருந்தது: 32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 வகைச் செயலி. நேயர்கள் தட்டிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். செயலி 64க்கு ஏற்றது, மேலே ஏற்றியிருக்கும் இயங்குதளம் மட்டும் 32 என்று அது வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது. விண்டோஸ் 10இல் அதே உரிமத்தைக் கொண்டே 64 பிட் பதிப்பை ஏற்றலாம்; தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் மேலே பூசி மாற்ற முடியாது. அடியோடு அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும். அவருடைய மகளின் பாடங்களை முதலில் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்துக்கொண்டோம். விண்டோஸ் 10இன் பராமரிப்பு முடிந்துவிட்டமையால், 64 பிட் லினக்ஸை ஏற்றினோம். 8இல் ஏறக்குறைய 7.7 கணக்கில் வந்தது. மிச்சத்தைத் திரைச் சாதனம் எடுத்துக்கொண்டது. பொட்டை நான் துடைக்கவில்லை. அவர் மகளே ஈரத்துணியால் துடைத்தாள், தூசி என்று சொல்லி.

எல்லாரும் 64க்கு ஓட வேண்டும் என்பது என் கருத்தன்று. பெட்டியில் உள்ளதே 2 ஜிகாபைட் என்றால் மாறுவதால் நினைவகம் ஒரு துளியும் கூடாது. 64 பிட் நிரல்கள் சற்று அதிக இடத்தையே கேட்கும். சில பழைய பலகைகளோ, 64 பிட் ஏற்றினாலும் மறைந்த வீடுகளுக்கு எண் வழங்கும் திறன் அற்றவை. 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய அச்சுப்பொறி 64 பிட் விண்டோஸில் வாய் திறக்காது.

எங்கள் ஆபீசிலேயே அப்படி ஒன்று உண்டு. லாரி நிறுக்கும் கணக்கை எழுதும் நிரல் டாஸ் காலத்தது, 16 பிட். அது 32 பிட் விண்டோஸில் இன்றும் சலிக்காமல் ஓடும். 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அந்தக் கணினியை வலைத்தொடர்பிலிருந்து அறுத்து, 32 பிட்டாகவே விட்டு வைத்திருக்கிறோம். நினைவகம் கூட்டிப் போடலாமா என்று கேட்டு வந்த விற்பனையாளரிடம் வேண்டாம் என்றேன். அதில் 4 இருக்கிறது, 3.25 பயன்படுகிறது, நிறுக்கும் நிரலோ பழைய 640 கிலோபைட்டுக்குள்ளேயே ஒடுங்கிக்கொண்டு, காலை ஏழு மணி முதல் குலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது.