பழசு இருக்கா, சார்?

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். கபாலீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். தியாகராய நகருக்கு அழைத்துப் போய், அவர்கள் பர்ஸைக் காலி செய்து, பத்திரமாக ரயிலேற்றி அனுப்புகிறோம். ரிச்சி தெருவைச் சுற்றிப் பார்க்க யாரும் யாரையும் அழைத்துப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே நிமிர்ந்து பார்க்கக் கோபுரம் இல்லை. காற்று வாங்க மணல் இல்லை. சற்று நின்று மூச்சு விடலாமென்றால் அதற்கும் இடமில்லை. ஆனாலும், செத்துப் போன சாமான்களுக்கு உயிர் கொடுக்கும் க்ஷேத்திரம் ஒன்று சென்னையில் உண்டென்றால், அது இந்தத் தெருதான்.

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்புகிற வரையில்தான் நாம் நடக்க வேண்டும். அதற்கு மேல் கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு பக்கமும் பீரோ அகலத்தில் கடைகள். ஒயர்ச் சுருள்கள் முறுக்குப் போலத் தொங்குகின்றன. ரிமோட்டுகள் கத்தரிக்காய் மாதிரி குவிந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற சில்லுகளை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். தலைக்கு மேல் மின் கம்பிகள், காலடியில் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் டீத் தட்டோடு ஒரு பையன். "என்ன சார் வேணும்? லேப்டாப்பா, கேமராவா?" என்று காதோரம் கேட்டபடி சிலர் நம்மோடு பத்தடி தூரம் வந்து, நாம் அசையாததைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்கள்.

இந்தப் பேட்டைக்கும் கைத்தொழிலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1734-ஆம் ஆண்டு, ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த சமயம், கும்பினியாருக்கு ஏற்றுமதி செய்யத் துணி தேவைப்பட்டது. நூற்பவர்களையும் நெய்பவர்களையும் கூவம் ஆறு வளைந்து போகும் இந்த இடத்தில் குடியேற்றினார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்ற பெயர்தான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிகள் போய்விட்டன. இன்று இழைக்குப் பதில் கம்பி ஓடுகிறது.

கொக்கி அறுந்தால்...

என்னை அந்தத் தெருவுக்கு அனுப்பி வைத்தது மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அக்காளின் செல்போன்.

அக்காள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவளுடைய போன் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. ஐந்து வருஷத்துப் போன். போனால் போகிறதென்று விட முடியாது. சுமார் 200 வாடிக்கைக்காரிகளின் தோள், கை, மார்பு அளவுகள், அவர்கள் அனுப்பிய கழுத்து மாதிரிப் படங்கள், யார் எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு, எல்லாம் அதற்குள்ளேதான். வேறெங்காவது பிரதி எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "துணிக்கே அரை மீட்டர் கூட எடுத்துக்கொடுக்க மாட்டேங்கறாங்க. இதுக்கு வேற பிரதியா?" என்றாள்.

கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் போட்ட ஒரு பழுதுபார்க்கும் நிலையத்துக்குப் போனோம். டோக்கன் எண் வந்ததும் ஓர் இளைஞர் போனைத் திருப்பிப் பார்த்தார். "மெயின் போர்டையே மாத்தணும், மேடம். ஒரு வாரம் ஆகும். உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சு போகும். ஆட்சேபணை இல்லைன்னு இங்கே கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா, கூட ஒரு நாலாயிரம் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்றார்.

அக்காள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் தம்பி, கொக்கி அறுந்தா ரவிக்கையையே தூக்கி எறிஞ்சிடுவாங்களா?" என்று கேட்டாள். அந்த இளைஞர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

விரல் அகலப் பலகை

அக்காள் சொன்னது உவமைக்காக மட்டுமல்ல, விஷயமே அதுதான். சார்ஜர் ஒயரைச் செருகுகிற வாய், பல ஆண்ட்ராய்டு போன்களில் பெரிய போர்டோடு சேர்ந்து இருப்பதில்லை. அடிப்பக்கத்தில் விரல் அகலத்தில் தனியாக ஒரு சிறு பலகை. அதன் மேல்தான் அந்த வாய். நாம் பேசுவதை வாங்கிக்கொள்ளும் மைக்கும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தொழிலில் அதற்கு 'சி.சி. போர்டு' என்று பெயர்.

இப்போது பெரும்பாலான போன்களில் வருவது 2014-ல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 'சி' வாய். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்துவதற்காக மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள், ஒரு மெல்லிய நாக்கில் வரிசையாக அமைந்திருக்கின்றன. 10,000 தடவை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டுமென்பது கணக்கு. ஆனால் பையிலும் இடுப்பிலும் செருகி வைக்கிற போனில் பஞ்சும் தூசும் புகுந்து அடைத்துக்கொள்ளும்போது, ஒயர் முழுதாக உள்ளே போகாது. அழுத்தி அழுத்தியே நாக்கு தளர்ந்துவிடும்.

ஆகையால் சார்ஜ் ஏறவில்லையென்றால் முதல் வைத்தியம் ஒரு மரப் பல்குச்சி. போனை அணைத்துவிட்டு, வாயின் ஓரங்களை மெதுவாகக் கிளற வேண்டும். ஊசி கூடாது. வேறு ஒயர், வேறு சார்ஜர் போட்டும் பார்க்க வேண்டும். பாதி நோயாளிகள் இதிலேயே பிழைத்துவிடுவார்கள். அக்காளின் போனிலிருந்து சிவப்பு, பச்சை, மாம்பழ நிறத்தில் நூல் பிசிறு வந்தது; ஆனால் சார்ஜ் வரவில்லை. உள்ளே நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாட்டரியில் மிச்சமிருந்தது 11 சதவிகிதம். போனை அணைத்து வைத்தோம்.

பிரிக்கத் தெரிந்தவள்

அறுவைச் சிகிச்சை தையல் மேஜையில் நடந்தது. மின்விசிறியை நிறுத்தினோம். சிம் தட்டை வெளியே எடுத்தோம். தலைமுடி உலர்த்தும் கருவியால் போனின் முதுகைச் சூடு பண்ணினால் உள்ளே இருக்கும் பசை இளகும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிவர இழுக்க, மூடி பெயர்ந்து வந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அக்காள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு காகிதத்தில் போனின் உருவத்தைத் தையல் சாக்கட்டியால் வரைந்தாள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றியதும், அது எந்த இடத்திலிருந்து வந்ததோ காகிதத்தில் அந்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டினாள். மொத்தம் 15. "பிரிக்கத் தெரிஞ்சவளுக்குத்தாண்டா தைக்கத் தெரியும்" என்றாள்.

இது வெறும் ஒழுங்கு அல்ல. திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டைத் திருகாணியின் துளையில் நீளமானதை முடுக்கினால் அது போர்டுக்குள் இறங்கிவிடும். பிறகு போன் நிஜமாகவே போய்விடும்.

முதலில் பாட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் முனையால் நெம்பிக் கழற்ற வேண்டும். மின்சாரம் ஓடும்போது வேறெதையும் தொடக் கூடாது. பாட்டரியையோ அதன் பக்கத்தையோ உலோகத்தால் குத்தவும் கூடாது. லித்தியம் பாட்டரி கிழிந்தால் தீப்பற்றும். அப்புறம் ஒலிபெருக்கிப் பெட்டி; தட்டையான ரிப்பன் இணைப்பு; தலைமயிர்போல ஓடும் ஆன்டெனா ஒயர். இந்த ஒயரைத் திரும்ப மாட்ட மறந்தால் போன் சார்ஜ் ஏறும், ஆனால் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கடைசியில் சி.சி. போர்டு கையில் வந்தது. ஒரு காலித் தீப்பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும் அளவுதான்.

தெருவின் சட்டம்

தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் போனின் பெயரையும் மாடலையும் ஒப்பிக்க ஆரம்பித்தேன். கடைக்காரத் தம்பி கையை நீட்டினான்.

"பழசு இருக்கா, சார்?"

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது.

"இப்படி வந்தா ஒரு நிமிஷத்து வேலை, சார். பேரெல்லாம் டப்பாவுக்கு மேலதான். உள்ளே அதே பேர்ல ரெண்டு மூணு போர்டு வரும்."

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பலகையில் அச்சிட்டிருந்த பொடி எழுத்தைப் படித்தான். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருந்த டப்பாவிலிருந்து இரண்டை எடுத்துப் பழசுக்குப் பக்கத்தில் வைத்தான். துளைகள் சரி, ரிப்பன் செருகும் இடம் சரி. "ஒண்ணு 150. இன்னொண்ணு 280. சீக்கிரமா சார்ஜ் ஏறணும்னா ஐ.சி. வச்ச 280-ஐ எடுங்க. இன்னொண்ணுல ராத்திரி பூரா ஏறும்."

280 ரூபாயைக் கொடுத்தேன். "ஒட்டறதுக்கு முன்னாடி போட்டுச் செக் பண்ணிப் பாருங்க, சார். ஏறலேன்னா மாத்தித் தர்றேன். இந்த ஸ்டிக்கர் கிழிஞ்சா மட்டும் திரும்ப எடுக்க மாட்டேன்" என்றான். ரசீது எழுதவில்லை, ஸ்டிக்கர்தான் ரசீது.

பக்கத்தில் செய்யாற்றிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து பழைய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். "மாசம் ரெண்டு தடவை வர்றேன், சார். இங்கே கிடைச்சாத்தான் அங்கே நான் பிழைக்கலாம். எங்க பக்கம் போனு கெட்டுப் போனா, புதுசு வாங்கப் பணம் இருக்கிறவங்க எத்தனை பேரு?" என்றார்.

எனக்கு அந்தத் தெருவின் மகிமை அப்போதுதான் விளங்கிற்று. காசு கொடுத்து வாங்கியதால் மட்டும் ஒரு சாமான் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அதன் உதிரி கடையில் கிடைக்கிற வரையில்தான் அது நம்முடையது.

280 ரூபாயும் 200 பேரும்

அன்று மாலை அக்காள், காகிதத்தில் ஒட்டியிருந்த வரிசையைத் தலைகீழாகப் பார்த்துப் பூட்டினாள். பாட்டரி இணைப்பைக் கடைசியில் மாட்டினாள். மூடியை ஒட்டாமலே சார்ஜரைச் செருகினோம். திரையில் மின்னல் அடையாளம் வந்தது. 11 என்பது 12 ஆயிற்று. பிறகு ஒரு வாடிக்கைக்காரிக்குப் போன் பண்ணி மைக்கையும் சோதித்தோம். "எங்கேம்மா போயிட்டீங்க? என் ரவிக்கை என்ன ஆச்சு?" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியும் சோதனையில் தேறியது. அதற்குப் பிறகுதான் ஓரத்தில் பசை தடவி மூடியை ஒட்டினோம். அன்றிரவு அக்காள் முதல் காரியமாக, அத்தனை அளவுகளையும் ஒரு நீள நோட்டில் எழுதி முடித்தாள்.

எல்லாரும் எல்லாப் போனையும் பிரிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. வாரண்டி இருக்கிற போனில் கை வைக்க வேண்டாம். வீட்டில் திறந்த போனுக்குக் கம்பெனி போட்ட நீர்த் தடுப்பு போய்விடுகிறது. மழையில் நனைக்கக் கூடாது. சில போன்களில் இந்த வாய் பெரிய போர்டிலேயே பற்ற வைத்திருக்கும். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை. பாட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

ஆனால் எறிந்துவிடுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவிகிதம். இந்த ஊதாரித்தனத்துக்கு இப்போது சட்டம் அணை போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிகள் கிடைக்கச் செய்ய வேண்டும். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த டிசம்பரில் அதற்கென்று இணையதளமும் தொடங்கியது. சட்டம் வரும் வரையில் செய்யாற்று மெக்கானிக்குக்கு இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் போனால் கடைக்காரர் பூதக்கண்ணாடியை நிதானமாகப் பிடிப்பார். காதோரம் கேட்கிறவர்களுக்கு ஒரு புன்னகை போதும். பணத்தை மறந்துவிட்டுப் போனால்கூடப் பாதகமில்லை, அதற்கும் செல்போன் இருக்கிறது. தீப்பெட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.