வாரத்துக்கு 2 மணி நேரம்... நோயாளியின் வாசலுக்கே போகும் கோழிக்கோடு!

கோழிக்கோடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். மிட்டாய்த் தெருவில் கலர் கலராக அடுக்கியிருக்கும் அல்வா, கமகமக்கும் தம் பிரியாணி, சாப்பிட்டு முடித்ததும் ஒரு கிளாஸ் சுலைமானி. சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்கள் 1498-ல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய காப்பாடு கடற்கரையைத் தேடிப் போவார்கள். ஆனால், மருத்துவ உலகில் இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. நீண்ட நாள் நோயாளிகளை ஊர்க்காரர்களே சேர்ந்து பார்த்துக்கொள்வது எப்படி என்று தெரிந்துகொள்ள, பல நாடுகளிலிருந்து டாக்டர்களும் நர்ஸுகளும் இங்கே வருகிறார்கள்.

சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் ஏறினால், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, ஷொர்ணூரில் திரும்பி, பாரதப்புழையை ஒட்டியே போகும் பாதை. குற்றிப்புறம், திரூர், பரப்பனங்காடி என்று வரிசையாக மலப்புறம் மாவட்டத்து ஊர்கள். தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடுகள், பக்கத்திலேயே வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகள். கோழிக்கோட்டில் தொடங்கிய ஒரு முயற்சி, ஊர் ஊராக வேர்பிடித்து வளர்ந்தது இந்த மாவட்டத்தில்தான்.

'இனி செய்ய ஒன்றுமில்லை' என்ற பிறகு...

நகரத்தின் மையமான மானாஞ்சிறையிலிருந்து பஸ் பிடித்தால், அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடலாம். அங்கே மயக்க மருந்துத் துறையில் இருந்த டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து 1993-ல் 'பெயின் அண்டு பாலியேட்டிவ் கேர் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். அப்போது முற்றிய புற்றுநோயாளிகளிடம், 'இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொல்வதுதான் வழக்கம். வீட்டுக்குப் போன பிறகு அந்த நோயாளி வலியில் துடிப்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை ஒன்றும் விலை உயர்ந்தது அல்ல. ஆனால், 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் அதை வாங்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆஸ்பத்திரிகள் 'வம்பே வேண்டாம்' என்று ஒதுங்கின. அந்தச் சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க நடைமுறையை எளிதாக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மார்ஃபின் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. கிளினிக்குக்கு வரும் தெம்பு இருந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள். படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், வண்டிக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள், கூட வர ஆள் இல்லாதவர்கள் எல்லாம் வீட்டிலேயே கிடந்தார்கள். டாக்டர்கள் எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும்?

பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆரம்பம்

இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் 2000-ம் ஆண்டையொட்டி, மலப்புறத்தை மையமாகக்கொண்டு அக்கம்பக்கத்தார் கூட்டமைப்பு உருவானது. வாரத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் ஒதுக்க முடிந்த யாரும் தன்னார்வலர் ஆகலாம். அவர்களுக்கு 16 மணி நேரம் வகுப்பு, அதன்பிறகு 4 நாள் மேற்பார்வையுடன் நேரடிப் பயிற்சி. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, பேசாமல் எப்படிக் கேட்பது, படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, குடும்பத்தின் ரகசியத்தை வெளியே சொல்லாமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் பாடம்.

பயிற்சி முடித்தவர்கள் தங்கள் பகுதியில் ஒரு குழு அமைப்பார்கள். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள், ஆட்டோ டிரைவர்கள், கல்லூரி மாணவர்கள் எனக் கலவையான குழு அது. பணமும் உள்ளூரிலேயே சேரும். கடையில் வைத்த உண்டியல், மாதம் பத்து ரூபாய் சந்தா, பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறை எனச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில் நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்து, மருந்து வாங்கி, வண்டிக்கு டீசல் போட்டார்கள். டாக்டர் ஆரம்பித்து ஊர்க்காரர்கள் உதவிய நிலை மாறி, ஊர்க்காரர்களே நடத்தி டாக்டர்கள் உதவும் நிலை வந்தது.

'ஹோம் கேர்' வண்டி காலையில் கிளம்பும். அதில் ஒரு நர்ஸ், ஒன்றிரண்டு தன்னார்வலர்கள். ஒரு வீட்டில் புற்றுநோயாளி, அடுத்த வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவர், அதற்கடுத்து மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர். நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, சிறுநீர்க் குழாயை மாற்றிக்கொண்டிருக்கும்போது, தன்னார்வலர் அடுக்களைப் பக்கம் போய் மனைவியிடமோ அம்மாவிடமோ பேச்சுக் கொடுப்பார். அப்போதுதான் வீட்டில் அரிசி தீர்ந்துபோனதும், மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்பதும், கவனித்துக்கொள்பவர் தூங்கி நாள்கணக்காவதும் தெரியவரும். பல குழுக்கள் மருந்தோடு மளிகைச் சாமானும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் கொடுப்பது இதனால்தான்.

மனநோய்க்கும் அதே கதவு

வீடு வீடாகப் போகும்போது இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. சில வீடுகளில் உள் அறை ஒன்று எப்போதும் சாத்தியே இருக்கும். 'அங்கே யாருமில்லை' என்பார்கள். உள்ளே, பல வருடங்களாக மனச்சிதைவு நோயுடன் ஒருவர் இருப்பார். புற்றுநோய் வந்தால் அனுதாபம் காட்டும் உலகம், மனநோய் என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கும். அந்தப் பயத்தில் குடும்பமே வாயை மூடிக்கொள்ளும்.

கோழிக்கோட்டில் மனநோய் சிகிச்சை புதிதல்ல. குதிரவட்டத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனை 1872-ல் தொடங்கியது. ஆனால், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்த தூரம் குறையவே இல்லை. 2008-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய மனநல மருத்துவர் மனோஜ் குமார் 'மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட்'டைத் தொடங்கியபோது கையில் எடுத்தது இந்தத் தூரத்தைத்தான். புதிதாகக் கட்டடம் கட்டாமல், ஏற்கெனவே ஊருக்குள் இயங்கிய பாலியேட்டிவ் குழுக்களுடன் கைகோத்தார். ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை இலவசம். இடம் பிடிப்பது, நோயாளிகளை அடையாளம் காண்பது, கிளினிக் நாளன்று வரவைப்பது எல்லாம் உள்ளூர் தன்னார்வலர்களின் பொறுப்பு. நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் டாக்டரின் வேலை.

மனச்சிதைவு நோய்க்கு நீண்ட நாள் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். கொஞ்சம் தேறியதும் 'சரியாகிவிட்டதே' என்று நிறுத்திவிடுவார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ தூக்கம் குறையும், பேச்சு மாறும், நோய் திரும்பும். மாதம் ஒருமுறை பார்க்கும் டாக்டருக்கு இது தாமதமாகத்தான் தெரியும். அதே தெருவில் இருக்கும் தன்னார்வலருக்கோ, 'என்ன, ரெண்டு நாளா கடைப்பக்கம் ஆளையே காணோம்?' என்ற கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால், இதே நெருக்கம்தான் ஆபத்தும்கூட. தெரிந்தவர் வீட்டுக்குள் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஒரு தன்னார்வலர் டீக்கடையில் வாய் தவறிப் பேசினால் போதும், அந்தக் கதவு மறுபடி திறக்காது. அதேபோல், ஆர்வக்கோளாறில் 'மாத்திரையை நிறுத்துங்க, மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க' என்று அறிவுரை சொல்வதும் நோயாளிக்குக் கெடுதல். அதனால்தான், நல்ல மனசு இருந்தாலும் பயிற்சி முடிக்காமல் களத்தில் இறங்கக் கூடாது என்பதில் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

அரசும் வந்தது

2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் சிகிச்சைக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநிலம் இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதன்பிறகு பஞ்சாயத்துகளே நர்ஸை நியமித்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 15-ஐப் பாலியேட்டிவ் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மலையாளத்தில் இதற்கு 'சாந்த்வன பரிசரணம்' என்று பெயர். ஆறுதல் தரும் பராமரிப்பு என்று பொருள்.

நம் ஊரில்?

தமிழ்நாட்டுக்கு இதன் அவசியம் வலியோடு புரிந்த நாள், 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், துணைக்கும் ஆள் இல்லாமல் போன குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாகத் தேடிவந்த இடம் அது.

அதன்பிறகு நிறைய மாறியிருக்கிறது. ஆதரவற்ற மனநோயாளிப் பெண்களுக்காகச் சென்னையில் 1993-ல் தொடங்கிய 'தி பேன்யன்' இன்றும் இயங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பாலியேட்டிவ் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

கோழிக்கோட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இந்த வீடுகளைப் 'பார்க்க' போக வேண்டாம், அவை காட்சிப் பொருள்கள் அல்ல. உண்மையிலேயே கற்றுக்கொள்ள ஆசை என்றால், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசி'னைத் தொடர்புகொண்டு, பயிற்சி பற்றிக் கேட்டுவிட்டுப் போகலாம்.

அதுவரை, நம் தெருவில் ரொம்ப நாளாக வெளியே வராத ஒருவரின் வீடு நிச்சயம் இருக்கும். உள்ளே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவோ அக்காவோ இருப்பார். 'நான் கொஞ்ச நேரம் இங்கே உக்கார்ந்திருக்கேன், நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க' என்று சொல்ல எந்தப் பயிற்சியும் தேவையில்லை.